கடலுக்குப் போன எழுத்துகள்

மச்சான்,

இன்று காலை கல்முனைக்குடிக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனேன். ஒருவர் கிழிந்த வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிக் குவித்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதன் ஓரத்தில் ஒரு 'மு' எழுத்தின் சுழி அப்படியே தெரிந்தது. நீ இருந்திருந்தால், "உருக்கின ஈயத்தில என்ன சுழி மச்சான்? ஒண்ட கண்ணுக்கு மட்டும் தெரியிதா?" என்று கேட்டிருப்பாய். ஓம், எனக்குத் தெரிந்தது.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, உன் அச்சகத்துக்குக் கம்பியூட்டர் வந்த வருசம். கிழக்கு மாகாணத்திலேயே முதல் கம்பியூட்டர் அதுதான் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதைப் பார்க்க ஒலுவிலிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். கொழும்பில் ஒரு சின்னக் கொம்பனி அதற்குள் தமிழ் எழுத்தை ஏற்றிக் கொடுத்திருந்தது. கூடவே ஒரு பிளொப்பித் தட்டு. அதை உள்ளே போட்டால்தான் தமிழ் திறக்கும். வேறு பிரதி எடுக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். "பழுதானால் எங்களிடம் வாருங்கள், புதிது தருவோம்" என்றார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான், உன் வாப்பா காலத்து ஈய அச்சு எழுத்துகளை எல்லாம் நீ சாக்கில் கட்டிக் கடற்கரைக்கு அனுப்பினாய். வலைக்குக் குண்டு வார்க்க மீன்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். தூக்க முடியாத பாரம் என்பதால் காலால் மிதித்து அச்சடிக்கும் மிதி மெஷின் மட்டும் பின்னறையில் கிடந்தது.

கடற்காற்று சும்மா விடுமா? ஒரு வருசத்தில் தட்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. மூன்று தரம் போட்டால் ஒரு தரம் திறந்தது. பிறகு திறக்கவே இல்லை. அப்போது கல்முனைக்குடி மீன் முதலாளி ஒருவரின் மகளுக்கு நிக்காஹ். கார்ட் அடிக்கும் வேலை உன் கையில். அது பிசகினால் அந்த வருச அறுவடைக்குப் பிறகு வரும் கல்யாண வேலை முழுவதும் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். உனக்கு அந்த அச்சகத்தை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

கொழும்புக்கு நானும் வந்தேன். நான் இல்லாமல் நீ அந்தத் தெருவைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டாய். கொம்பனி இருந்த இடத்தில் மணிக்கூட்டுக் கடை இருந்தது. "அவங்க மூடிட்டுப் போய் ரெண்டு மாசமாச்சே. எங்க போனாங்கன்னு தெரியாது. மணிக்கூடு பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போன பஸ்கூட நின்றது. நீ அந்தப் பிளொப்பியைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

வரும் வழியில் மகா ஓயா தாண்டியதும் சொன்னாய். "எழுத்து எங்கட எண்டு நினைச்சிட்டு இருந்தன் மச்சான். அது அவன்ட எழுத்து. அவன் கதவ மூடக்குள்ள எங்கட வாயையும் சேத்து மூடிட்டுப் போயிட்டான்."

கம்பியூட்டரைப் பற்றி எத்தனையோ பெரிய ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காரைதீவில் கோயில் நோட்டீஸ் அடிக்கும் அச்சகம் வைத்திருந்த, நாம் அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம் போனோம். அவர் இன்னும் ஈய எழுத்தைத்தான் கோத்து அச்சடித்துக்கொண்டிருந்தார். "கிளை ஒண்டு திறக்கப் போறம், அதுக்கு எழுத்துப் பாக்க வந்தம் எண்டு நான் சொல்றன், நீ சும்மா இரி" என்று வழியெல்லாம் உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நீ முந்திக்கொண்டாய்.

"அண்ணன், நான் எழுத்த வித்துப்போட்டன். கொம்பனிக்காரன் மூடிட்டான். நிக்காஹ் கார்ட் ஒண்டு நடுவில கிடக்கு. ஒங்கட எழுத்துத் தந்தா அடிச்சிட்டுக் கொண்டு வந்து தாறன்."

அவர் கண்ணாடியைத் தூக்கி உன்னைப் பார்த்தார். "காரைதீவான் இன்னும் ஈயத்த எண்ணிக்கிட்டு இருக்கான் எண்டு கல்முனைத் தேத்தண்ணிக் கடையில ஆரோ சொன்னாங்களாம்?"

"நான்தான் அண்ணன் சொன்ன."

நான் தலையில் கையை வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப எண்ணித்தான் தருவன் தம்பி. எண்ணித்தான் திருப்பித் தரணும்."

அவருடைய எழுத்துத் தட்டுகளை இழுத்துப் பார்த்தால் 'ஹ' ஒரு கைப்பிடிகூட இல்லை. "கோயில் நோட்டீசுக்கு இவ்வளவு 'ஹ' எதுக்கு தம்பி? 'ஸ்ரீ' வேணுமெண்டா அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டில் பெயருக்குப் பெயர் 'ஹ'. இருக்கிற 'ஹ' இரண்டு தரம் உதவட்டும் என்று, கார்டின் மேல் பாதியைக் கோத்து எல்லாக் கார்டிலும் அடித்து, காய்ந்ததும் எழுத்தைப் பிரித்துக் கீழ்ப் பாதியைக் கோத்தோம். மிதி மெஷினை மிதித்தது நான். என் காலைப் போல் ஒரு கால் கல்முனையில் இருந்ததில்லை. அதை நீயே ஒரு நாள் ஒப்புக்கொண்டாய்.

மீன் முதலாளி கார்டின் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். "எழுத்து கைக்குத் தட்டுப்படுதே! இதத்தான் மூத்த மகள்ட கலியாணத்துக்கும் கேட்ட நான்" என்றார். அந்த வருசத்துக் கல்யாணங்கள் உன்னை விட்டுப் போகவில்லை.

பிறகு வேறொரு கொம்பனி ஆள் கம்பியூட்டருக்குப் புது எழுத்தோடு வந்தான். "நீ கடை மூடினா நாங்க ஆரிட்டப் போற?" என்று கேட்டாய். "நாங்க மூட மாட்டம் சேர்" என்றான். "மூடுறவன் ஆரும் முன்கூட்டிச் சொல்றல்ல தம்பி" என்றாய். ஆனாலும் வாங்கினாய். வாங்கிய கையோடு காரைதீவு அண்ணனையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார்த்தி, அவனிடம் இருவரும் சேர்ந்து படித்தீர்கள். ஒருவருக்கு மறந்தால் மற்றவருக்குத் தெரியும். அவர் தட்டுகளில் 'ஹ' குறையாமல் பார்த்துக்கொண்டது நீதான்.

உன் மகன் இப்போது அச்சகத்தை வேறு விதமாக நடத்துகிறான், நன்றாகத்தான் நடத்துகிறான். இத்தனை வருசத்தில் எத்தனையோ கொம்பனிகளைக் கண்டுவிட்டான். நான் அதில் தலையிடுவதில்லை. பெருநாளைக்குக் காரைதீவு அண்ணன் வீட்டுக்கு நீ வருசா வருசம் கொண்டுபோன வட்டிலப்ப இனிப்பை மட்டும் அவனிடம் விடவில்லை, நான்தான் கொண்டுபோகிறேன். உன்னைப் போல அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் இருக்கிறாள். என் பெருமைகளை நான் ஊரெல்லாம் சொல்வேன், உனக்குத் தெரியும். அந்த வாசலில் மட்டும் உன் பெயரைத்தான் சொல்கிறேன். கதவு திறக்கிறது மச்சான்.