திரும்பிப் பார்க்கக் கூடாத வழி

ஐப்பசி, வியாழன்

மன்னிச்சுக்கோ தம்பி, இவ்ளோ நேரம் கழிச்சு எழுதறேன். பாப்பா இப்பதான் தூங்கினா. வெளிய தூறல். கொடியில துணி அப்படியே.

ஞாயித்துக்கிழமை உனக்கு வருஷத் தெவசம். அருவிக்கிட்ட, தண்ணி உன்னை அடிச்சுகினு போன எடத்துலயே படையல் வைக்கணும்னு அம்மா ஒரே பிடிவாதம். வேன் பேசியாச்சு. வேன் நிக்கிற எடத்துல இருந்து காட்டுக்குள்ள நடை. நடுவுல ஓடை.

போன வருஷம் நீயும் உன் ஃபிரெண்ட்ஸும் எடுத்துகினு போனது: போன், துண்டு, சிப்ஸ் பாக்கெட். அவ்ளோதான். இங்க கள்ளக்குறிச்சியில அன்னைக்குச் சுள்ளுனு வெயில். மேல மலையில கொட்டுதுன்னு யார் கண்டா.

நான் எடுத்துக்கப் போறது —
தண்ணி, ஆளுக்கு ஒரு பாட்டில்
ஓ.ஆர்.எஸ்., டெட்டால், பஞ்சு
டார்ச் (பேட்டரி வாங்கணும்)
நைலான் கயிறு
விசில். பாப்பா கழுத்துல
அப்பாவோட சுகர் மாத்திரை, பிஸ்கட்
வழுக்காத செருப்பு, எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும்

அப்புறம் மதியமே கெளம்பிடணும். தண்ணி கலங்கினா உடனே கரை ஏறணும். பாப்பா அப்பாதான் கடைசி ஆளு, முன்னாடி போறவங்களை எண்ணிகினே வரணும். சரின்னாரு. சிரிக்கல.

சனி, நைனார்பாளையம்

அம்மா வூடு. மேகமூட்டம். புழுக்கம்.

அம்மா என் பேக்கைத் தொறந்து தண்ணி பாட்டிலையெல்லாம் எடுத்து வெளிய வெச்சுட்டு உன் வேட்டியையும் நீலச் சட்டையையும் உள்ள வெச்சாங்க. நான் மாத்தினேன். அவங்க திரும்ப மாத்தினாங்க. கடைசியில ரெண்டு பேக்.

பெரியப்பா கயிறைத் தூக்கிப் பாத்தாரு. "இன்னாடி, படைக்கப் போறியா, பட்டாளத்துக்குப் போறியா?"

"போன வருஷம் இது ஒண்ணு இருந்திருந்தா, பெரியப்பா..."

கயிறைக் கீழ வெச்சுட்டு வெளிய போய்ட்டாரு. சொல்லியிருக்கக் கூடாது.

உனக்கு: கோழி வறுவல், பரோட்டா, ஆரஞ்சு மிட்டாய், அந்தக் கறுப்பு கூல்டிரிங்ஸ். குடிக்காதடா, பல்லு போயிடும்னு எத்தினி சண்டை. நானே போய் வாங்கினேன். பெரிய பாட்டிலா.

பாப்பாவை விட்டுட்டுப் போக ஆள் இல்ல. மாமியார் மூங்கில்துறைப்பட்டுல, நாத்தனாருக்குப் பிரசவம். கூட்டிகினுதான் போகணும்.

ஞாயிறு, கள்ளக்குறிச்சி

எல்லாரும் வந்து சேந்துட்டோம். முதல்ல அதை எழுதிடறேன்.

போகும்போது ஒண்ணும் இல்ல. வடக்கனந்தல் தாண்டியும் வெயில்தான். ஓடையில கணுக்கால் தண்ணி. ரெண்டு கரை மரத்தையும் சுத்தி ரெட்டைக் கயிறாக் கட்டிப் புடிச்சுகினு தாண்டினோம். பெரியப்பாவும் புடிச்சாரு.

அம்மா எலை போட்டு, எல்லாத்தையும் வெச்சு, "சாப்டுடா"ன்னாங்க. அப்பா தண்ணியையே பாத்துகினு நின்னாரு. நான் அழல. வானத்தைப் பாத்துகினே இருந்தேன். மேல மலைப்பக்கம் கறுத்துகினு வந்துச்சு.

"கெளம்பலாம்"னு நான்தான் அவசரப்படுத்தினேன்.

பெரியப்பா சொன்னாரு: "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. கூப்ட்டாலும் நிக்காதீங்க. அது கூடவே வந்துடும்."

செத்தவங்களுக்குப் படைச்சுட்டு வந்தா அப்படித்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். நான் படிச்சவ, நானும் தலையைக் குனிஞ்சுகினு நடந்தேன். கடைசியா வர வேண்டியவரும் பாத்திரத்தைத் தூக்கிகினு முன்னாடி. எண்ணணும்னா திரும்பணும். யார் திரும்புவா? ஓடையைத் தாண்டினோம். இந்தக் கரைக்கு வந்ததும் பெரியப்பா பின்னாடி பாக்காமலே கயிறை வெட்டி இழுத்துச் சுருட்டி என் பேக்குல போட்டாரு. பாப்பா அவ அப்பாகிட்டன்னு நான். என்கிட்டன்னு அவரு.

மேடு ஏறும்போது பின்னாடி, "அம்மா..."

பெரியம்மா என் முழங்கையை இறுக்கிப் புடிச்சாங்க. "திரும்பாத. அதுதான் கூப்பிடுது."

ஒரு அடி எடுத்து வெச்சேன். இன்னொரு அடியும் வெச்சேன், தம்பி. நீன்னுதான் நெனச்சேன்.

நீ கூப்ட்டா அக்கான்னு இல்ல கூப்பிடுவ?

திரும்பிட்டேன். ஓடை நடுவுல, பாறை மேல பாப்பா. எலையில இருந்து எடுத்த ஆரஞ்சு மிட்டாய் கையில. ஒரு கால்ல செருப்பு இல்ல. சுத்தியும் தண்ணி டீ கலர்ல.

ஓடினேன். முட்டி வரைக்கும் தண்ணி, காலை வாருது. தூக்கினது நான். எங்க ரெண்டு பேரையும் கரைக்கு இழுத்துப் போட்டது பாப்பா அப்பா. மேல ஏறித் திரும்பிப் பாத்தா அந்தப் பாறை இல்ல.

விசில் கழுத்துலயேதான் இருந்துச்சு. ஏன்டி ஊதலன்னு கேட்டேன். "நான்தான் கூப்ட்டேனேம்மா. நீ வரல"ன்னா.

வேன்ல பெரியம்மா, "திரும்பிட்ட இல்ல? அவன் உன் பின்னாடியே வந்துட்டான், போ"ன்னாங்க. திட்டாத்தான் சொன்னாங்க. முன்சீட்டுல அம்மா அழுகையை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் வழியெல்லாம் என்னையே பாத்துகினு வந்தாங்க. எனக்குப் பக்கத்துல, காலியா இருந்த எடத்தையும்.

திங்கள்

மழை. பாப்பாவுக்கு நனைஞ்சதுல வந்த ஜுரம் இப்ப கம்மி. பால் குடிச்சா. ராத்திரி ரெண்டு தடவை அம்மான்னு பொலம்பினா. ரெண்டு தடவையும் உடனே ஏன் கண்ணுன்னு குரல் குடுத்தேன்.

அவரு வேலைக்குப் போகல. பாப்பா பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காரு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் முகத்தைப் பாத்துக்கல.

சாயங்காலம் அம்மா போன் பண்ணாங்க. பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டாங்க. அப்புறம் சத்தத்தைக் கொறச்சுகினு, அப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு:

"நேத்து ராத்திரி தோட்டத்துக் கதவைத் தாப்பா போடாமலே விட்டேன். சோறு மூடி வெச்சேன். அப்படியே இருக்குது. அங்க வந்திருக்கானாடி?"

இல்லன்னு சொல்ல வாய் வரல. பாக்கறேம்மா, நாளைக்குச் சொல்றேன்னேன்.

காலையில திரும்பப் பண்ணுவாங்க. வந்திருந்தா வந்திருக்கேன்னு சொல்லு. வரலன்னா அதையாவது சொல்லு தம்பி. சீக்கிரம் பதில் சொல்லு.