ஒன்பது பேர் உள்ள வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் மீரி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கடல் ஏறி வந்தால் எந்த வீட்டில் எத்தனை பேரை இடம் மாற்ற வேண்டும் என்று எங்கள் ஆய்வு நிறுவனம் கணக்கெடுக்கிறது. நேற்று இந்தத் தீவில் தெரேட்டியா அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்பது பேர் என்றாள். எண்ணினால் ஏழுதான்.

"ரெண்டு பேர் குறையுதேக்கா?"

"நீதான் அவங்க மேல நிக்கிற. எறங்குடி முதல்ல!"

துள்ளிக் குதித்தேன். வீட்டை ஒட்டி, வெள்ளைக் கல் பரப்பிய அவளுடைய அப்பா அம்மாவின் கல்லறை! பெரியவர்களை வீட்டோடு புதைக்கும் நம் வழக்கம் தெரிந்த நானே மிதித்துவிட்டேன். வீடே சிரித்தது.

"நாங்க கிளம்பிட்டு, இவங்கள மீனுக்கா விட்டுட்டுப் போவோம்?" என்றாள்.

மேலதிகாரி ஹெலன், "உயிரோட இருக்கறவங்க மட்டும் போதும்" என்றாள். நான் விடாமல் மல்லுக்கு நின்றேன். இப்போது படிவத்தில் 'கூட வருபவர்கள்' என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது.

தென்னம்பாகு ஒரு போத்தல் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நீங்கள் காய்ச்சும் ருசி இல்லை. அப்பா மேல் புதிதாக வெள்ளைக் கல் பரப்பத் தம்பியிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல் சங்கு ஊதிவிட்டது. கடைசியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த மாதம் நம் வீட்டுக்கும் கணக்கெடுக்க வருவார்கள். நாலு பேர் என்று சொல்லிவிடாதீர்கள். அப்பாவோடு ஐந்து. வெளியூரில் தங்கி வீட்டில் தூங்காதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி எழுதியவளே நான்தான். இருந்தாலும் அம்மா, நீங்கள் ஆறு என்றே சொல்லுங்கள்.

மீரி