மூன்றாம் பொத்தான்

லான்செஸ்டன்
ஜூலை 19, ஞாயிறு

அன்பு மகள் டாம்சினுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அபர்டீனில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். திடீரென்று கடிதமா என்று நீ பயப்பட வேண்டாம், யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. போனில் நீ "எப்படிப்பா இருக்கீங்க" என்பாய், நான் "இருக்கேன்" என்பேன், பிறகு இரண்டு பேருமாகக் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம், இந்த விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் நீ அடுத்த மாதம்தான் படிப்பாய், அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

பூமியின் இந்தத் தென்கோடியில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், காலையில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது, ஆற்றுப் பனிமூட்டம் பதினொரு மணிவரை விலகுவதில்லை. விறகு போதுமான அளவு இருக்கிறது. நோலீன் சித்தி செவ்வாய்தோறும் பூசணி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், ஃப்ரிட்ஜில் சூப்பைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. போன வாரம் உன் அம்மாவின் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அத்தான், இந்தக் கோட்டெல்லாம் தர்மத்துக்காகப் பழசு விக்கற கடைக்குக் குடுத்துடலாமா, பூச்சி அரிச்சிடும்" என்று கேட்டாள். "எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, டாம். உன் அம்மா போய் நாலு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குப்பைத் தொட்டியைச் சரியான கிழமையில் வெளியே வைக்கிறேன். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. கோட்டெல்லாம் போய்விட்டது, சாம்பல் நிறக் கோட்டை மட்டும் சித்தியே வைத்துக்கொண்டாள், அது அவளுக்குக் கையில் நீளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் பாட்டுக் கேட்க உன் அம்மா வைத்திருந்த கணக்கு அவளுடைய வங்கி அட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது, வங்கிக்காரர்கள் இந்த மாதக் கடைசியோடு அந்த அட்டையை நிறுத்துகிறார்கள், அட்டை நின்றால் பாட்டுக் கணக்கும் நின்றுபோகும், அவள் பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த பட்டியலெல்லாம் அதோடு போய்விடும். இதைப் போன மாதம் உன்னிடம் சொன்னபோது நீ, "மூடிடுங்கப்பா, அதை யாரு கேக்கறா, நல்ல சவுண்டு உள்ளதா ஒண்ணு பாத்து உங்களுக்கு எடுத்துக்கங்க" என்றாய். நானும், "ஆமா, நானும் அதைத் தொடறதே இல்ல" என்றேன். நீ சொன்னதை நான் நம்பினேன். நான் சொன்னதும் அன்றைக்கு உண்மைதான், நான் சிடி ஆள் என்பது உனக்குத் தெரியும், அவள் போனைக் கேக் மாவு பிசைகிற எவர்சில்வர் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்து, சத்தம் பெரிதாகிறது பாருங்கள் என்று சொல்லிப் பாட்டுக் கேட்டபோதெல்லாம் முன்னறையில் இவ்வளவு நல்ல ஸ்பீக்கர் இருக்கும்போது இப்படியா என்று தலையில் அடித்துக்கொண்டவன்தான் நான்.

ஜூன் மாதம், நல்ல ஒலிக்காக அலைகிற எங்கள் ஒலிச் சங்கம் நண்பன் மர்ரே வீட்டுக் கார் கொட்டகையில் கூடியபோது இணையப் பாட்டுச் சேவைகள் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், கருவி மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுவோம், எது எந்தக் கம்பெனி என்று கேட்பவனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் காது பெயரைக் கேட்கும், பாட்டைக் கேட்காது. பாட்டு ஓடும்போது பிஸ்கட் கடிக்கக்கூட விட மாட்டார்கள். நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள், உன் அம்மா போனபிறகு நான் போன முதல் கூட்டம் என்பதற்காகக் கொடுத்த மரியாதை. பத்து பாட்டு ஓடியது. துண்டுச் சீட்டில் எது நன்றாக இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும், நான் வெறும் சீட்டைக் கொடுத்தேன். காதில் கோளாறு எதுவும் இல்லை, மே மாதம்தான் சோதித்தார்கள், அறுபத்தெட்டு வயதுக்கு அபாரம் என்று சோதித்த பெண் சொன்னாள். வித்தியாசம் கேட்டது, ஆனால் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்தது, அவ்வளவுதான். தேநீர் நேரத்தில் மர்ரே என் தட்டில் ரெண்டு லாமிங்டன் கேக் வைத்துவிட்டு, "டேய் ராட், நீ வீட்லயே நிதானமா உக்காந்து கேளு, ஆகஸ்ட் கூட்டத்துல நீதான் தீர்ப்பு சொல்ற, தப்பிக்க முடியாது" என்றான். எனக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறான் என்று தெரிந்தது, மறுக்கவும் தெம்பில்லை.

அவனே வீட்டுக்கு வந்து எல்லாம் பொருத்திக் கொடுத்தான். ரிமோட்டில் மூன்று பொத்தானுக்கு மூன்று சேவை, ஒன்று பிரெஞ்சுக்காரனுடையது, ஒன்று போன் கம்பெனிக்காரனுடையது, ஒன்று உன் அம்மா வைத்திருந்த பழையது, எந்தப் பொத்தான் எது என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். மூன்றின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினான், ஏனென்றால் துளி சத்தம் கூடினால்கூட அதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். பழையதைத் திறந்தபோது, "ஐயோ, க்ளெனிஸ் இதுல தரத்தை அடிமட்டத்துல வெச்சிருக்காளே, டேட்டா தீந்துடும்னு பயந்துட்டா போல, ஏத்தட்டுமா?" என்றான், போட்டி நியாயமாக இருக்க வேண்டுமே என்று ஏற்றச் சொன்னேன். கருவியின் முகப்பில் பெயர் தெரியுமே, அதை மறைக்கப் பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து நானே போட்டு மூடினேன். அந்தத் துணியால் வந்ததுதான் எல்லாம்.

ஆறாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தேன். ஐந்து மணிக்கு உட்காருவேன், அந்த நேரத்தில்தான் உன் அம்மா சமையலுக்கு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்குவாள், இப்போது அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் பார்க்கப் பிடிப்பதில்லை. நோட்டில் எழுதினேன். ஒன்றாம் பொத்தானில் பியானோ அடங்குகிற கடைசி நூலிழை வரைக்கும் கேட்கிறது, பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது, ஆனால் நம்மூர்ப் பாட்டுக் குழு எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. இரண்டாம் பொத்தானில் பாட்டை அறை முழுக்கப் பரப்பி வைக்கிறார்கள், டிரம்ஸ்காரன் என் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து அடிக்கிறான், எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் பொத்தான் காதுக்குக் குறை சொல்ல முடியாது, ஆனால் நின்றுபோகிறது. நடுப் பாட்டில் பொட்டென்று நிற்கும். மறுபடி அழுத்துவேன், ஓடும், அரை நிமிஷத்தில் மறுபடி நிற்கும். நாற்பது வருஷம் மின்வாரியத்தில் கோளாறு பார்த்தவன் சும்மா இருப்பேனா, கேபிளை மாற்றினேன், ரவுட்டரை நகர்த்தினேன், நின்ற நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். புதன்கிழமை ஏழு தடவை நின்றது, ஏழு தடவையும் விடாமல் அழுத்தினேன். துணியை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை, எடுத்தால் எந்தச் சேவை என்று தெரிந்துவிடும், சோதனை கெட்டுவிடும். வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால் முதல் நாளே துணியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

இந்த வியாழக்கிழமை மர்ரே எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தான். நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "என்னடா இது, சரியா அஞ்சு பத்துக்கு ஆரம்பிச்சு அஞ்சு நாப்பதுக்கு முடியுது, சனி ஞாயிறு லீவு வேற, வேலைக்குப் போற கோளாறை நான் பாத்ததே இல்ல" என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் பொத்தான் நின்றது. சோதனையாவது ஒன்றாவது என்று சொல்லி அவனே எழுந்துபோய்த் துணியை இழுத்தான், குனிந்து ரெண்டு தடவை படித்தான். "ராட், க்ளெனிஸ் போன் எங்க இருக்கு?" என்றான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய சேவையின் பெயர் போட்டு, அதன் கீழே, க்ளெனிஸின் போனில் ஒலிக்கிறது என்று எழுதியிருந்தது. பாட்டின் பெயரும் இருந்தது. நான் நேராகச் சமையலறைக்குப் போய் அவள் போன் வைக்கும் இழுப்பறையைத் திறந்தேன், அங்கே சார்ஜர் மட்டும் சுருட்டி வைத்திருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது, ஏப்ரலில் விமான நிலையத்தில், அம்மா போனில் இருக்கிற போட்டோ எல்லாம் வேண்டும் என்று நீ கேட்டாய், நான் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும், இங்கே அழுத்தினால் அங்கே நிற்கும், அங்கே அழுத்தினால் இங்கே நிற்கும். இங்கே ஐந்து பத்து என்றால் உனக்குக் காலை எட்டு பத்து, நீ வேலைக்குப் பஸ்ஸில் போகிற நேரம். மர்ரே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம டாமா!" என்றான், தொப்பியை எடுத்துக்கொண்டு தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஆக, ரெண்டு வாரமாக நீ பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவின் பாட்டை நான் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், அதுவும் புதன்கிழமை ஏழு தடவை. மன்னித்துவிடு. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. எனக்குத்தான் துணி மறைத்தது, உனக்கு ஒன்றும் மறைக்கவில்லையே. உன் கையிலிருந்த போனில், முன்னறையில் ஒலிக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வந்திருக்கும். பிடுங்குவது யாரென்று உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதும் நீ குளிரைப் பற்றித்தான் பேசினாய்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை துணி இல்லாமல் உட்கார்ந்தேன். இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிமோட்டைச் சமையலறையிலேயே வைத்துவிட்டேன். ஐந்து பத்துக்கு முகப்பில் பாட்டின் பெயர் வந்தது. இங்கே சத்தமில்லை, பெயர் மட்டும்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்தில் நின்றது. எட்டொன்பது நிமிஷம் கழித்து மறுபடி அதே பாட்டு முதலிலிருந்து வந்தது. நின்றது. அதே இடைவெளி விட்டு மறுபடியும் வந்தது. பஸ் ஏதோ சுரங்கப் பாதையில் போகிறது, சிக்னல் இல்லை என்று நினைத்தேன். நாலாவது தடவை நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது, அந்தப் பஸ் பாதையில் ஏது சுரங்கம்? நீ நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு இருக்கிறாய், நான் பிடுங்குகிறேனா என்று பார்க்கிறாய். எழுந்து சமையலறைக்கு ஓடினேன், டாம், இந்த மூட்டு வலியோடு ஓடினேன், ரிமோட்டோடு திரும்பி வந்தபோது முகப்பு இருட்டாக இருந்தது, ஐந்து நாற்பத்திரண்டு, நீ இறங்கிப் போயிருப்பாய். நின்றுகொண்டே இருந்தேன். அழுகை அப்போதும் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ரிமோட்டைக் கீழே வைக்க மனமில்லை, சூப்பைச் சூடு பண்ணும்போதும் கையிலேயே வைத்திருந்தேன், நாலு மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று ஆனது அன்றுதான்.

நேற்றுக் காலை கணினியில் உட்கார்ந்து உன் அம்மாவின் கணக்கில் என் அட்டை எண்ணைப் போட்டுவிட்டேன். இனி அது மூடாது. தரத்தையும் பழையபடி அடிமட்டத்துக்கே இறக்கிவிட்டேன், அவள் வைத்தது அப்படியே இருக்கட்டும், சங்கத்தில் யாருக்கும் சொல்லாதே, என்னை நீக்கிவிடுவார்கள். திங்கள்தோறும் அது அவள் பெயரில் புதுப் பாட்டுகளாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டுத் தருகிறது, அவள் இல்லை என்று அதற்கு யார் சொல்வது, நானும் சொல்லப்போவதில்லை. ஆகஸ்ட் கூட்டத்தில் பிரெஞ்சுக்காரனுடையதுதான் ஒலியில் முதல் என்று தீர்ப்புச் சொல்வேன், அது உண்மையும்கூட.

நீ வேளைக்குச் சாப்பிடு, மீன் பண்ணைக்குப் போகிற நாளில் இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள், ஈரக் காலோடு உட்காராதே. வாடகை வீட்டுக் கணப்பைச் சோதிக்கச் சொல்லி வீட்டுக்காரனிடம் கேட்கிறேன் என்றாயே, கேட்டாயா? சித்தி உன்னை விசாரித்தாள். உனக்கு எந்தக் குறையும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பாள், அவள் பங்கையும் சேர்த்து நானே வாழ்த்திவிடுகிறேன். போனில் இதைப் பற்றி நாம் பேச வேண்டாம், எனக்கு வராது, உனக்கும் வராது. நாளை ஐந்து பத்துக்கு நான் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ பாட்டுப் போட்டதும் பிடுங்குவேன். அப்பாவாயிற்றே, வயதானவராயிற்றே என்று விட்டுக்கொடுக்காதே, திருப்பிப் பிடுங்கு.

என்றும் உன்
அப்பா,
ராட்னி