டெய்லரம்மா தைத்த பாம்புப் பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இதை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தெரிந்தால் தவழும் குழந்தையோடு அடுத்த மாதம் வரமாட்டாய் என்று பயம். எனக்கும்தான் பயம், ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? போன வாரம் வீட்டுக்குள் பாம்பு. அது வந்ததை விட, நாங்களே உள்ளே வைத்துப் பூட்டினோம் என்பதுதான் நிஜம். நீ வருகிறாயே என்று அப்பா பின்சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார், அது ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது தெரியாமல். மறுநாள் வாஷிங் மிஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. மனுஷன் அந்த முழங்காலோடு மேஜைமேல் ஏறி நின்றாரே, பார்க்கணும் நீ!

உனக்குப் பள்ளிச் சீருடை தைத்த டெய்லரம்மாதான் இப்போது பாம்பும் பிடிக்கிறார். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு அப்படியே வந்தார். விஷப்பாம்புதான், ஆனால் கத்தல் இல்லை, பதற்றம் இல்லை. ஒரு குழாயின் ஒரு முனையில் பையைக் கட்டி, மறுமுனையைப் பாம்பின் பக்கம் வைத்துவிட்டுக் காத்திருந்தார், குழாயின் இருட்டைக் கண்டதும் அது தானாக உள்ளே போயிற்று. அடேயப்பா, என்ன பொறுமை! பையும் அவர் தைத்ததே, பிசிறெல்லாம் வெளிப்பக்கம். ஏன் என்றதற்கு, உள்ள நூல் இருந்தா செதில்ல மாட்டிக்கும்மா, அதுக்கும் வலிக்கும்ல என்றார். எங்காவது பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் விடுங்க என்று அப்பா கெஞ்சினார். அவரோ, தெரியாத இடத்துல விட்டா பொந்து எங்க, தண்ணி எங்கன்னு தெரியாம அலைஞ்சே செத்துடும் என்று, வேலிக்கு அப்பால் புதர்வெளியிலேயே விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நீ அங்கே போன புதிதில் எந்தக் கடை எங்கே என்று தெரியாமல் போனில் அழுதாயே, அது நினைவுக்கு வந்ததும் அவருக்குக் காபி போடப் போய்விட்டேன்.

பிறகு மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, மீதி ஓட்டைகளையும் தன் எதிரிலேயே அப்பாவை அடைக்க வைத்தார் டெய்லரம்மா. நீ வரும் காலையிலும் வந்து பார்ப்பாராம். பேத்திக்குக் கவுன் தைக்க அளவு கேட்கிறார், பை தைத்த துணியில் மட்டும் வேண்டாம் தாயே என்றேன்.

மறைத்து உன்னை வரவழைக்க எனக்கு மனசில்லை. வேலிக்கு வெளியே பாம்பு உண்டு, வீட்டுக்குள் இல்லை. இனி உன் இஷ்டம். இஷ்டம் என்று எழுதிவிட்டேனே தவிர, வாடி. செருப்பை உதறிப் போடப் பழகிக்கொள், குழந்தையின் அளவை உடனே எழுது. அப்பா கேட்டால் அம்மா கவுன் அளவு மட்டும்தான் கேட்டாள் என்று சொல். மூவரும் நூறு வயது நன்றாயிருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா