நீங்கள் பொறுக்கித் தந்த பக்கங்கள்

குட்டனின் தோல் உறையைத் திறந்தால் இன்னும் சுக்கு வாசனைதான் வருகிறது. நம் வீட்டுக்குக் கீழே இருந்த சுக்குக் கிடங்கை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அங்கே இப்போது சுற்றுலாக்காரர்களுக்குக் காப்பி விற்கிறார்கள். மட்டாஞ்சேரியே மாறிப்போனது, இந்த உறைக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவில்லை. இன்று காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருக்கும் மெஷினை எடுக்கவில்லை. இனி அதில் புதிதாக எதுவும் வராது.

உங்களுக்கென்ன, போய்விட்டீர்கள். இங்கே நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் எழுதுகிறேன். மலையாள எழுத்தில்தான் அடிக்கிறேன். நீங்கள் எழுதி வைத்த நிரல் அதைத் தமிழெழுத்தாக்கித் தரும். இத்தனை வருஷம் தமிழ் படித்த பிறகும் தமிழெழுத்து என் கண்ணுக்கு இன்னும் கோலம் மாதிரிதான் தெரிகிறது. இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு ஆபீசுக்கு வேலைக்கு வந்தீர்கள். வந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடியிலேயே குடியும் ஏறினீர்கள். நான் இந்த ஊரில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் பேசத் தெரியும், தமிழில் நன்றாகச் சண்டை போடத் தெரியும், படிக்க மட்டும் தெரியாது. நீங்கள் வாரப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “என்னவாம்?” என்று கேட்டால் படித்துக் காட்டுவீர்கள். அடுத்தவர் படித்துக் காட்டும் நகைச்சுவைக்கு எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. பொறாமைதான் வந்தது.

அப்போதுதான் குட்டன் வந்தான். கப்பலில் வந்த யாரோ ஒருவர் உங்களிடம் விற்றுவிட்டுப் போன கையளவுக் கம்ப்யூட்டர். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பாசி நிறத்தில் ஒரு திரை, குத்துவதற்கு ஒரு குச்சி, முதுகில் இரண்டு சின்ன பேட்டரி. வந்த அன்றே நான்தான் அதற்குப் பேர் வைத்தேன். பெற்ற பிள்ளையைக்கூட நீங்கள் அப்படி மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை.

அதில் இணையம் கிடையாது. விடிகாலையில் வீட்டுக் கம்ப்யூட்டர் போய் இணையத்துப் பக்கங்களைப் பிடித்துவரும். படங்களையெல்லாம் உதறிவிட்டு எழுத்தை மட்டும் சுருக்கி வைத்திருக்கும். குட்டனை அதன் தாங்கியில் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினால் எல்லாம் உள்ளே ஏறிவிடும். அதைச் செய்கிற மென்பொருளை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் வேலை முடிந்த நேரத்தில் ஆசைக்கு எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். “காசு வாங்காம எதுக்கு எழுதறாங்க?” என்று கேட்டேன். “நீ எதுக்கு எதிர்வீட்டுப் பூனைக்கு மீன் வைக்கற?” என்றீர்கள்.

அந்த மென்பொருளை ஒரு மழைக்காலம் முழுக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தெருவில் தண்ணீர் ஏறியது, இறங்கியது, நீங்கள் தலை நிமிரவில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் குட்டனை என் கையில் வைத்து, “இந்தா, படி” என்றீர்கள். பார்த்தால் மலையாள எழுத்து. படித்தால் தமிழ்! தமிழ்ப் பக்கங்களை அப்படியே மலையாள எழுத்தில் காட்டுவதற்கு வழி செய்திருந்தீர்கள், எனக்காக. முதலில் எல்லாச் சொல்லும் சளி பிடித்தவன் பேசுவது மாதிரி இருந்தது. போகப்போக அதையும் சரிசெய்தீர்கள்.

அன்று நாம் சேர்ந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டும்போது படிக்க ஆரம்பித்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் வீட்டு மாவரைக்கும் மெஷினோடு நடத்தும் யுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாள். நீங்கள் தீவில் இறங்கிப் போனதுகூடத் தெரியவில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் குட்டன், தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். தேவராவில் நான் வேலை பார்த்த காலேஜ் ஆபீஸ் நிறுத்தத்தையும் கோட்டைவிட்டேன். என் சொந்த பாஷையை என் சொந்தக் கண்ணால் படித்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தை அப்போதே உங்களிடம் நான் சொல்லவில்லை. எழுத்து ரொம்பப் பொடி, கண் வலிக்கிறது என்றுதான் சொன்னேன்.

அதற்கப்புறம் தினமும் சாயா ஆறுவதற்குள் அன்றைக்கானதை ஏற்றித் தந்துவிடுவீர்கள். சமையல், சிறுகதை, ஒரு டாக்டரின் கேள்வி பதில், யார் யாரோ எழுதிய வலைப்பதிவுகள். அரசியல் வைக்கமாட்டீர்கள், எனக்கு ரத்தக் கொதிப்பு. எது வேண்டும் என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை. “எனக்குப் பிடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒருமுறை கேட்டேன். “நீ எதைப் படிச்சுட்டு சாயங்காலம் என்கூட சண்டைக்கு வர்றியோ, அதை மறுநாளும் வைப்பேன்” என்றீர்கள்.

சண்டைக்குக் குறைவே இல்லை. அதிகம் சண்டை போட்டது மழைக்காரருக்காகத்தான். தெற்கே ஏதோ ஒரு வறண்ட ஊரில் இருந்துகொண்டு அன்றன்றைக்குப் பெய்த மழையைப் பற்றி எழுதும் மனிதர். ஊர் பேரும் போடமாட்டார், தன் பேரும் போடமாட்டார். பாதி நாள் ‘இன்று மழை இல்லை’ என்பதுதான் விஷயமே. “இங்க முட்டு வரைக்கும் தண்ணி. மழையே இல்லாத ஊர்க்காரன் எழுதறதை நான் எதுக்குப் படிக்கணும்?” என்று கத்தினேன். “இல்லாதவன்தான் எழுதுவான். உனக்கு மழை ஒரு விஷயமா?” என்றீர்கள். மறுநாளும் அவரை வைத்தீர்கள்.

உலகமே ஃபோனுக்கு மாறியபோதும் நாம் மாறவில்லை. பையன் காக்கநாட்டில் ஐ.டி. வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேலி செய்வான். “அம்மா, ஃபோன்ல எல்லாம் கிட்டும். எந்தினா, எதுக்கு இந்தப் பாடு?” நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தின கர்க்கடக மாசத்தில், உங்கள் கணக்கில் ஆடியில், உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனீர்கள், நடந்து வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் விடிகாலை, வீடு நிறைய உறவுக்காரர்கள் படுத்திருக்க, கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொண்டு கரகரவென்று வேலையை ஆரம்பித்தது. நான் பாயிலிருந்து எழுந்து போய் உங்களுக்குச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். கொதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து குட்டனைத் தாங்கியில் வைத்து அமுக்கினேன். எல்லாப் பக்கமும் வந்தது. வளைகுடாப் பெண் வந்தாள், டாக்டர் வந்தார், மழைக்காரர் வந்தார். “சாவு வீட்டுல கையில என்னடி விளையாட்டு?” என்று அத்தை அதட்டினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து படித்தேன். நீங்கள் பொறுக்கிய பக்கங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, நீங்கள் எனக்காகச் செய்கிற வேலை நிற்கவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைக் கடந்தேன். அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு வேண்டுதல் எனக்கு இருந்ததில்லை.

ஆனால் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. வளைகுடாப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். சிறுகதைப் பத்திரிகையை மூடிவிட்டார்கள். சமையல் குறிப்பு எழுதியவர் வீடியோவுக்குப் போய்விட்டார். டாக்டரின் பக்கம் இருக்கிறது, ஆனால் பூட்டை மாற்றிவிட்டார்கள், நம் பழைய சாவி சேராது என்று பையன் சொன்னான். கிடைக்காத பக்கத்துக்கு அந்த மென்பொருள் முன்பு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். அதை நீங்கள் எடுத்துவிட்டு உங்கள் வாக்கியத்தைப் போட்டு வைத்திருந்தீர்கள்: ‘கிடைக்கல. நாளைக்குப் பாப்போம்.’ ஆபீசில் சரக்கு வந்ததா என்று கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். ஒரு பக்கம் போனால் அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் எரிச்சலோடு தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

“புதுசா வேற சைட் போட்டுத் தரட்டா?” என்று பையன் பலமுறை கேட்டான். “அது நீ பொறுக்கினது. எனக்கு எதுக்கு?” என்றேன். அவன் முகம் சுருங்கியது. நான் என்ன செய்ய?

கடைசியில் மழைக்காரர் ஒருவர்தான் மிஞ்சினார். எந்த மனுஷனுக்காக உங்களோடு அத்தனை சண்டை போட்டேனோ, அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று பழயன்னூர் பகவதி கோயிலில் போய் நின்றேன். பேர் தெரியாத ஆளுக்கு எந்த நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது? உங்கள் நட்சத்திரத்தைச் சொன்னேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ‘இன்று மேகம் இருந்தது. மழை இல்லை’ என்று எழுதினார். மறுநாளும் அதே பக்கம் வந்தது. அதற்கு மறுநாளும் அதுவே. வாரக்கணக்கில் அதே மேகத்தைப் படித்தேன். ஊருக்குப் போயிருப்பார், மகள் வீட்டில் இருப்பார், கை ஒடிந்திருக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் அந்தப் பக்கமும் இல்லை. குட்டனைத் திறந்தேன். ‘கிடைக்கல. நாளைக்குப் பாப்போம்.’ அடுத்த பக்கம், அதே. அதற்கடுத்தது, அதே. கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். முழுக்க நீங்கள்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள், பேச விஷயம் எதுவும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். “மழைக்காரரும் போயாச்சு அம்மா. இனி ஒண்ணும் பாக்கியில்ல.”

“அப்ப இது தானா நின்னுடுமா?” என்று கேட்டேன்.

அவன் ரொம்ப நேரம் எதையோ படித்தான். “இல்லம்மா. மத்தவங்க வச்சிருக்கற இதே புரோகிராம்ல, கொஞ்ச நாள் கிட்டலைன்னா அதுவே அந்த அட்ரஸை விட்டுரும். அப்பா அந்த இடத்தை எடுத்துக் களைஞ்சிருக்கார். இது விடாது. கம்ப்யூட்டர் சாகற வரைக்கும் டெய்லி போய்த் தட்டிக்கிட்டே இருக்கும்.”

கேட்பவர்கள் இதை அன்பு என்பார்கள், ஆறுதல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியும் முன்னே எழுந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத வீடு வீடாகப் போய் எனக்காகக் கதவைத் தட்டுகிறீர்கள். வெறுங்கையோடு வந்து நாளைக்குப் பார்ப்போம் என்கிறீர்கள். இறந்த பிறகுமா ஒரு மனுஷனை இப்படி அலைய விடுவது?

“நிறுத்துடா” என்றேன்.

“அம்மா, உறப்பா? நிச்சயமாவா?”

“அவரு ஓடினது போதும்.”

அவன் இரண்டு வரி அடித்தான். “கழிஞ்சு, முடிஞ்சுது” என்றான். அவ்வளவுதான்.

கிளம்பும்போது தன் பழைய ஃபோனை என் கையில் வைத்தான். “இனி இதுல படி அம்மா. இங்க என்ன வேணுமோ எழுது, லோகத்துல உள்ளதெல்லாம் வரும்.” வெள்ளையாக ஒரு பெட்டி. அதற்குள் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. “என்ன வேணும், சொல்லு” என்றான். நான் யோசித்தேன். கதையா? சமையலா? எதைச் சொன்னாலும் அது நீங்கள் வைத்ததாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நானாக ஒரு பக்கத்தைத் தேடிப் போனதே இல்லை. ஒன்று எனக்குப் பிடித்தது என்றால், சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள், அதைச் சொல்லி உங்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்பதால்தான் பிடித்தது. என்னுடைய ருசி என்று நான் இவ்வளவு நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் உங்களுடையது. அதுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பையன் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். “யோசிச்சு வை, அடுத்த வாரம் வரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தினமும் காலையில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்கிறேன். ஒரு சொல்கூட வருவதில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டீர்கள்.