பெரியம்மா சொல்லித்தந்த எண்கள்

விழிஞ்ஞம்
8.7.1998

பிரேமா அக்காவுக்கு,

நேரில் வந்தால் கை நீட்டிவிடுவேனோ என்று பயந்து எழுதுகிறேன். நேற்று கோமதிக்குத் தலை பின்னும்போது, "அஞ்சு, எட்டு, ரெண்டு, ஒம்பது" என்று பாட்டு மாதிரிச் சொன்னாள். உடனே அதையே தலைகீழாகவும் சொன்னாள். ஏது என்று கேட்டேன்.

"பெரியம்மா சொல்லித்தந்தா. டாக்டர் அங்கிள் கேப்பாரு, டக்குன்னு சொல்லணும்னா. கட்டை தொடுற வெளையாட்டும் உண்டு."

நீ வேலை செய்யும் கிளினிக்கின் சோதனைத் தாளையே பார்த்தெழுதி வந்து உருப்போட வைத்திருக்கிறாய். இப்போது கேட்ட எண்கள் இப்போது மனதில் நிற்கின்றனவா, கட்டைகளை டாக்டர் தொட்ட வரிசை கண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தானே அந்தச் சோதனை? வலிப்பு வந்ததிலிருந்து இரண்டு வேலை சொன்னால் ஒன்றை மறக்கிற பிள்ளை, வயதுக்கு மீறிய மார்க் வாங்கியிருக்கிறாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டீச்சர், "குட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ, வெறும் சோம்பேறித்தனம்" என்று தனி வகுப்புப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். இன்று உள்ளங்கை சிவக்க அடி வாங்கி வந்திருக்கிறாள்.

உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

கௌசல்யா


கரமனை
11.7.1998

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பேனா? மந்தம் என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன், எனக்குக் குமட்டும். நம் வீட்டிலும் ஒன்று என்று ஊர் பேச வேண்டுமா? ஆவணியில் என் மகன் விஜய்குமாருக்கு நிச்சயம். பெண் வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும்? அதுவரை வாயைத் திறக்காதே. கோமுவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருக்கிறேன்.

பிரியமுள்ள அக்கா
பிரேமா


விழிஞ்ஞம்
20.7.1998

பிரேமாவுக்கு,

குமட்டுகிறதா? உன் கடிதத்தைத் தொட்ட கையை நானும் இரண்டு தரம் கழுவினேன். பாவாடையை நீயே வைத்துக்கொள். நிச்சயத்துக்கு வரமாட்டோம். எங்கள் வாசலுக்கும் நீ வரவேண்டாம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரையும் சேர்த்து. அவர் பழைய எண்களை விட்டுவிட்டுப் புதிதாக மூன்று சொன்னார். முதல் எண்ணைச் சொல்லிவிட்டுக் கோமதி நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் தொடையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தப்பாச் சொன்னா பெரியம்மா கிள்ளுவாளேம்மா."

"பெரியம்மா இங்க இல்ல. தப்பாவே சொல்லு மோளே" என்றேன்.

சொன்னாள்.

கௌசல்யா