சாம்பல் நிறக் கதவுகள்

புதுச்சேரி
4.6.2024

அண்ணாவுக்கு,

நீ வரைந்த கட்டடம் அப்பாவை நாசமாக்குகிறது. போனில் சொன்னால் பேச்சை மாற்றுவாய், அதனால் எழுதுகிறேன்.

கடல் அரித்த குப்பத்திலிருந்து எங்களை ரெட்டியார்பாளையத்துக்கு ஏற்றி வந்து மூன்று மாதம். இரண்டு பிளாக்கும் ஒரே அச்சு, எல்லாக் கதவும் சாம்பல். அப்பாவுக்கு ஏற்கெனவே மறதி நோய். தினமும் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறார். முதலில் பார்வதி அக்கா சிரித்தாள். "இன்னா மாமா, எங்கூட்டு கொழம்பு அவ்ளோ ருசியா?" நேற்று அவள் புருஷன் அப்பாவைப் பிடித்துத் தள்ளினான்.

மூளை ஒரு இடத்தை எப்படி அடையாளம் வைக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவன் நீ. உனக்குத் தெரியாதா?

சங்கரி

லியோன், பிரான்ஸ்
19.6.2024

அன்புத் தங்கச்சிக்கு,

தெரியும். நிறம், திருப்பம், வெளிச்சம், வாசனை இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மூளை வழி கண்டுபிடிக்கிறது. இந்த நோய் முதலில் தின்பதும் அந்தத் திறனைத்தான். மாடிக்கொரு நிறம், வாசலுக்கொரு மாடம் என்றுதான் வரைந்தேன். செலவென்று கம்பெனி அதை வெட்டிவிட்டது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவன் போட்டிருப்பான்.

நம் படகின் நிறத்தைக் கதவுக்கு அடி. அப்பா கண்டுபிடிப்பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

கலை

புதுச்சேரி
2.8.2024

அண்ணாவுக்கு,

நம் படகின் பச்சையும் மஞ்சளும் அடித்தேன். அப்பா தானாக வீடு வந்தார். கதவைத் தடவி, "நம்ம போட்டுடி" என்றார். சில நாளில் குடியிருப்பு மேனேஜர் ஆள் வைத்து மறுபடி சாம்பல் அடித்துவிட்டார். "டிராயிங்ல இல்லாத கலரும்மா. கையெழுத்து உங்க அண்ணன்துதான?"

மறுநாளே அப்பாவைக் காணவில்லை. கடலில் கிடந்த மனுஷன் கடலுக்குத்தான் போவார் என்று சொந்தக்காரர் எல்லாரும் கரை நெடுகத் தேடினோம். அவர் எதிர் பிளாக்கில் இருந்தார். அதே மூன்றாம் மாடி, அதே மூலை. யாரும் இன்னும் குடிவராத மாடி. பூட்டிய கதவில் சாய்ந்து கிடந்தார், உயிர் இல்லை. நான் உள்ளே இருப்பதாக நினைத்துத் தட்டியிருக்கிறார், விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது.

அப்பா செத்த சேதிக்குப் போனில் அழுதாய். காரியத்துக்கு வரவில்லை. இதையும் தெரிந்துகொள்: அவர் வழி தவறவில்லை, வீட்டுக்குத்தான் போனார். நீதான் ஒரே வீட்டை இரண்டு இடத்தில் கட்டிவைத்தாய்.

சங்கரி

புதுச்சேரி
9.9.2024

அண்ணாவுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை.

மூன்றாவது பிளாக்குக்குக் கதவுகள் லாரியில் வந்து இறங்கியிருக்கின்றன. அதே சாம்பல், அதே டிராயிங், அதிலும் உன் கையெழுத்து. அங்கே வரப்போகிற அமுதவல்லி அத்தைக்கும் மறதி தொடங்கிவிட்டது.

அழுதது போதும். உன் கையெழுத்தைத் திரும்ப வாங்கு.

சங்கரி